சீட்டைத் தொடாத தாய்மாமன்

மாரீஸ்வரனைக் கல்யாண வீட்டில் தேடுகிறவர்கள் மணவறைப் பக்கம் போய்ப் பயனில்லை. மண்டபத்துக்குப் பின்னால், சமையல் நடக்கும் இடத்துக்கும் கைகழுவும் குழாய்க்கும் நடுவில் எங்காவது ஒரு பாய் விரித்திருக்கும். ஐந்தாறு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, மடியில் துண்டை விரித்து, பதின்மூன்று சீட்டையும் விசிறிபோலப் பிடித்துக்கொண்டு, தாலி கட்ட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பாரே தவிர எழுந்திருக்க மாட்டார்.

பொறுப்பில்லாத மனிதர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. கமுதிக்குக் கிழக்கே அவருக்கு மூன்று ஏக்கர் மிளகாய்ப் புஞ்சை. பழம் எடுத்துக் களத்தில் பரப்பிவிட்டால், வெயில் சாய்வதற்குள் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் மூடிவிடுவார். பனி பட்டால் முண்டு மிளகாயின் நிறம் போய்விடும் என்று அந்த மாதங்களில் யார் வீட்டு விசேஷத்துக்கும் வர மாட்டார். குடி கிடையாது, பீடி கிடையாது. வெளியாட்களோடு சீட்டாடியதும் கிடையாது. பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒருமுறை செல்போனிலேயே ரம்மி ஆடலாம் என்று காட்டினார். மாரீஸ்வரன் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியவில்லை, இவனிடம் தோற்றால் என்ன ஜெயித்தால் என்ன என்று சொல்லிவிட்டார்.

அவருக்கு எதிரே சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல சீட்டு வந்தால் பெரியப்பா மகன் இருமுவான், கெட்ட சீட்டு வந்தால் சின்ன மாமனார் தண்ணீர் கேட்பார். இதெல்லாம் தெரிந்திருந்தும் பெரும்பாலும் தோற்பார். அது அவருக்குக் குறையாகத் தோன்றியதில்லை.

எங்கள் பக்கத்துச் சீட்டுப் பாயில் ஒரு சட்டம் உண்டு. தோற்றவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஜெயித்துக்கொண்டிருப்பவர் எழுந்திருக்கக் கூடாது. தோற்றவர்களாகப் பார்த்து, போதும் என்று விட்டால்தான் உண்டு. பணம் ஒன்றும் பெரிதில்லை. ஜெயித்ததில் பாதி அங்கேயே டீக்கும் வடைக்கும் போய்விடும். ஆனாலும், ஜெயிப்பதைப் பிடிப்பது என்பார்கள், அப்படிப் பிடித்த கையோடு ஒருவர் எழுந்து போனார் என்றால், அடுத்த கல்யாணம் வரைக்கும் அதைப் பேசுவார்கள். மாரீஸ்வரன் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. இதில் ஒரு சங்கடம். தோற்கும்போது எழுந்திருக்க அவருக்கு மனசு வராது. ஜெயிக்கும்போது மற்றவர்கள் விட மாட்டார்கள். ஆக, அவர் எழுந்திருக்கிற வேளை என்று ஒன்று கிடையாது.

இதை அதிகம் அனுபவித்தவள் அவருடைய தங்கை கோகிலா. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டிய மைத்துனர் மாரீஸ்வரன்தான். ஆளைக் காணாமல், மாப்பிள்ளை பூமிநாதன் மாலையும் கழுத்துமாகப் பின்பக்கம் போய், மைத்துனரைப் பாயிலிருந்து கைபிடித்து எழுப்பி, மணவறைக்கு அழைத்துவந்தான். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. பிறகு அவர்களைப் பெற்ற அய்யா இறந்தபோது, ராத்திரி விழித்திருக்க வந்த உறவுக்காரர்கள் வெளியில் சீட்டைப் போட்டார்கள். அது வழக்கம்தான். துக்க வீட்டுக்காரனும் அதில் போய் உட்காருவது வழக்கமில்லை. ஐந்து பேருக்கு ஒரு ஆள் குறைகிறது, வந்தவர்கள் மனசு கோணக் கூடாது என்று மாரீஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். காலையில், குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு அவரைப் பலமுறை கூப்பிட வேண்டியிருந்தது. கொள்ளி வைக்கும்போது குழந்தையைப்போலத் தேம்பி அழுதார் என்பதையும் கோகிலாதான் சொல்வாள். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை என்பாள்.

கோகிலாவுக்குப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாகப் போய், பிறகு ஒரு பெண் பிறந்தது. முடி போன வருஷமே இறக்கியாகிவிட்டது. ஊரில் மிளகாய் எடுப்பு என்று அதற்கு அண்ணனால் வர முடியவில்லை. இந்த வருஷம் காதுகுத்து. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். அய்யாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று கோகிலாவுக்கு மிச்சமிருந்தது இந்த அண்ணன் ஒருவர்தான். அந்த மடியும் இல்லாமல் போனால், நமக்கென்று கேட்க ஆள் இல்லை என்று இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவளுக்கு அந்த நினைப்பே பயமாக இருந்தது.

பூமிநாதனின் அக்கா முத்தழகு அந்தப் பயத்தை வளர்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. வாய் நிற்காது, அவ்வளவுதான்.

“உங்க அண்ணன் வந்தா வரட்டும், வரலேன்னா விடு. எங்க வீட்டுக்காரரும் பிள்ளைக்கு மாமாதானே. அவரு மடியில வச்சுக் குத்திருவோம்” என்றாள்.

அத்தை புருஷனும் முறைக்கு மாமாதான்.  கோகிலா மறுநாளே பஸ் ஏறிக் கமுதிக்குப் போனாள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு, அய்யா படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி அண்ணனை நிறுத்தினாள். பாப்பாவுக்குக் காது குத்தி முடிகிற வரைக்கும் சீட்டைக் கையால் தொட மாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். மாரீஸ்வரன் தயங்காமல் சொன்னார். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பதால் கோகிலாவுக்குப் பாதி நிம்மதி வந்தது. மீதி நிம்மதிக்காக வீட்டுக்கு வந்து புருஷனிடம், அன்றைக்கு உனக்கு வேறு வேலையே வேண்டாம், எங்கள் அண்ணன் கூடவே இரு, பாய்ப் பக்கம் போகவிடாதே என்று சொல்லிவைத்தாள். பூமிநாதன் பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டவனைப்போலத் தலையாட்டினான்.

காதுகுத்து ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடிக்க வேண்டும். அவர்களுடைய குலதெய்வம் திருப்புல்லாணியிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில், பனங்காட்டு மணலில் இருக்கும் அய்யனார். ஒரு சின்னக் கட்டடம், முன்னால் தகரக் கொட்டகை, சுற்றிலும் மணல். ஒன்பது மணிக்கு மேல் கடல் காற்று எடுத்தால் சோற்றில்கூட மணல் விழும்.

மாரீஸ்வரன் காலையிலேயே வேனில் வந்து இறங்கிவிட்டார். தங்கத்தோடு, பட்டுப் பாவாடை, பழத் தட்டுகள் என்று சீர் குறைவில்லாமல் இருந்தது. சமையலுக்கென்று தன் களத்து மிளகாய் ஒரு பையும் கொண்டுவந்து, அதை எப்படி வறுக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் பொறுமையாக விளக்கினார். கோகிலாவுக்குக் கண் நிறைந்துபோனது. கொட்டகைக்கு முன்னால் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் பாப்பா படம், ஓரத்தில் தாய்மாமன் என்ற எழுத்துக்கு மேல் வெள்ளைச் சட்டையில் மாரீஸ்வரன். அந்தப் படத்துக்காக அவள் ஸ்டுடியோக்காரரோடு சண்டையே போட்டிருந்தாள்.

பொங்கல் பொங்கிய பிறகுதான் காது குத்துவது என்பது அவர்கள் வழக்கம். விறகு ஈரம். அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. கோகிலா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்தாள். அந்த இடைவெளியில் கடல் காற்று எடுத்து, பிளெக்ஸின் ஒருபக்கக் கயிறு அறுந்தது. அதை இறக்கிச் சுருட்டி வைக்கச் சொன்னார்கள். இறக்கினார்கள். சுருட்டி வைக்கவில்லை. வேனுக்கு அந்தப் பக்கம், காற்று படாத நிழலில் அதை விரித்தார்கள்.

விரித்தவர் பூமிநாதனின் சித்தப்பா சேதுபாண்டி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் இப்போது மூத்த ஆண் அவர்தான். எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அவருடைய சட்டைப் பையில் இரண்டு கட்டுச் சீட்டு இருக்கும். நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாவதாக மாரீஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவர் நின்ற இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, சத்தியம் செய்திருக்கிறேன், தொட மாட்டேன் என்றார். அதைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் போயிருக்கலாம். பார்ப்பதற்கு என்ன என்று வேன் டயர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காவலுக்கு வந்த பூமிநாதனும் பக்கத்தில் உட்கார்ந்தான். காவல்காரனைச் சும்மா விடுவார்களா? அவனை ஐந்தாவது ஆளாக இழுத்துப்போட்டார்கள்.

பூமிநாதனுக்கு ரம்மி ஆடத் தெரியும் என்று சொல்ல முடியாது. சேர வேண்டிய சீட்டைக் கீழே போடுவான், போட வேண்டியதைக் கடைசிவரை வைத்திருப்பான். பின்னால் இருந்த மாரீஸ்வரனுக்குத் தாங்கவில்லை. முதலில் உச்சுக்கொட்டினார். பிறகு இருமினார். பிறகு முகவாயால் காட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தங்கை புருஷனுக்குப் பின்னால் நெருங்கி, அவன் தோளுக்கு மேல் முகத்தை வைத்து, காதில் சொல்லிக்கொண்டிருந்தார். கை இரண்டும் முழங்காலில்தான் இருந்தன. அதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். ஒருமுறை பூமிநாதன் சீட்டை அடுக்கச் சொல்லி நீட்டியபோது, நெருப்பைக் கண்டவர்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வந்த மாதிரிச் சீட்டு வாழ்நாளில் அவருக்கு வந்ததில்லை. ஜோக்கர் தேடி வந்தது. தொடர்ச்சியாக ஜெயித்தார்கள். சேதுபாண்டியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

பொங்கல் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். கோகிலா அடுப்படியிலிருந்து எழுந்து பார்த்தால் அண்ணனையும் காணோம், அண்ணனுக்குக் காவல் வைத்த புருஷனையும் காணோம். ஆள் அனுப்பினாள். இந்தா வாரோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். காது குத்த வந்த பத்தர் தன் சின்னப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, உச்சிப்புளியில் இன்னொரு பிள்ளைக்குக் குத்த வேண்டும் என்று நினைவூட்டினார். முத்தழகு அதற்குள் தன் வீட்டுக்காரரைக் கால் கழுவிவரச் சொல்லி, உட்காரப் போட்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் தயாராக நிறுத்தியிருந்தாள். அந்த மனிதர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோகிலா வேனைச் சுற்றிக்கொண்டு போனாள். பிளெக்ஸைத்தான் முதலில் பார்த்தாள். பாப்பாவின் நெற்றியில் சேதுபாண்டி உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் தன்னுடைய படத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, சூடம் ஏத்திச் சொன்னீகளே” என்றாள்.

மாரீஸ்வரன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“சாமி சத்தியமா தொடல ஆத்தா. வேணும்னா உன் புருசன்ட்ட கேளு.”

பூமிநாதன் ஆமாம் என்று தலையாட்டினான். அவன் கையில் பதின்மூன்று சீட்டு இருந்தது.  கோகிலா அவனை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

சரி எழுந்து வாருங்கள் என்றாள். மாரீஸ்வரன் எழுந்திருக்கத்தான் பார்த்தார். சேதுபாண்டி சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பிடித்தவர் எழுந்திருக்கலாமா என்று பொதுவாகக் கேட்டார். பூமிநாதன், சீட்டைப் பிடித்திருப்பவன் நான், மச்சானைப் போகவிடுங்கள் சித்தப்பா என்றான்.

“கை உன்னுது, ஆட்டம் அவருது” என்றார் சேதுபாண்டி. “நீ தனியா ஆடியிருந்தா இந்நேரம் கட்டுன வேட்டியோட போயிருப்ப. உன் மச்சான்தான் பிடிச்சிருக்காரு. அவரு போகணும்னா எங்களுக்கு ஒரு ஆட்டமாச்சும் வரட்டும்.”

அது நியாயமா இல்லையா என்று அங்கே ஒரு விவாதம் தொடங்கியது. சத்தியத்தின்படி மாரீஸ்வரன் ஆடவில்லை. சீட்டுச் சட்டத்தின்படி அவர் ஆடினார். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பழைய கல்யாணத்தை உதாரணம் காட்டினார்கள்.  சேதுபாண்டி கோகிலாவுக்கு மாமனார் ஸ்தானம். அவரை எதிர்த்துப் பேச முடியாது. அண்ணன் பக்கம் குனிந்து, மதினி வீட்டுக்காரர் கால் கழுவிவிட்டு நிற்கிறார் என்று மெதுவாகச் சொன்னாள். மாரீஸ்வரனுக்கு முகம் மாறியது. அவருக்கு அது புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“உனக்காகத்தான்த்தா யோசிக்கேன்” என்றார் அவரும் மெதுவாக. “சம்பந்தக்காரக கிட்ட பிடிச்சிட்டு நான் ஓடிட்டேன்னு வையி. உன் பிறந்த வீட்டுக்காரன் லச்சணத்தப் பாருன்னு உன்னையத்தான் காலத்துக்கும் சொல்வாக. ஒரே ஒரு ஆட்டம். தோத்துட்டு வந்துருதேன்.”

தோற்றுவிட்டு வருகிறேன் என்று அவர் உண்மையாகவே சொன்னார். தோற்கவும் முயற்சி செய்தார். பூமிநாதன் காதில் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அடுத்தும் ஜோக்கரே வந்தது. பூமிநாதன் வேறு, இன்றைக்குத்தான் தனக்கு ஆட்டம் பிடிபட்டது என்ற உற்சாகத்தில், மச்சான் வேண்டாம் என்றதையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

வேனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்தழகு, நேரமாகிறது, இவரை உட்காரவைத்துவிடலாமா என்று கேட்டாள். பத்தர் தொண்டையைச் செருமினார். கோகிலா நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணனின் கைகள் கண்ணில் பட்டன. முழங்காலில் சும்மா கிடந்தன. மடியில் துண்டு விரித்திருந்தது. பாய் கண்ட இடத்தில் துண்டை மடியில் விரிப்பது அவருடைய பழக்கம்.

அவள் திரும்பிப் போனாள். பாப்பாவைத் தூக்கினாள். பத்தரைப் பெட்டியோடு வரச் சொன்னாள். சீர்த்தட்டைப் பெண்களிடம் கொடுத்தாள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேனைச் சுற்றி வந்து, பிள்ளையை அண்ணன் மடியில் உட்காரவைத்தாள்.

“கை சும்மாதான இருக்கு. பிடிங்க.”

மாரீஸ்வரன் பிடித்துக்கொண்டார். இதற்கு எந்தச் சட்டத்திலும் மறுப்பு இல்லை. பிடித்தவர் எழுந்திருக்கவில்லை, தாய்மாமன் மடியும் இருக்கிறது. சேதுபாண்டிகூட நகர்ந்து பத்தருக்கு இடம் விட்டார். முத்தழகுதான், சாமிக்கு மறைவாக எப்படிக் குத்துவது, வேன் அல்லவா மறைக்கிறது என்றாள்.

“ஆமா மதினி, சாமி பாக்கணும்ல” என்ற கோகிலா, டிரைவரைக் கூப்பிட்டு வேனைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னாள்.

காற்றை நினைத்துத்தான் அப்படிச் செய்தாளா என்று கேட்டால், சாமி தெரிய வேண்டாமா என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

வேன் நகர்ந்தது. அய்யனார் தெரிந்தார். அவர் பின்னாலிருந்து கடல் காற்று மொத்தமாக வந்தது. நடுவில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டு, திறந்து போட்டிருந்த சீட்டு, சேதுபாண்டி பக்கத்தில் விட்டிருந்த சீட்டு எல்லாம் எழும்பி, பனங்காட்டுக்குள் பறந்தன. சேதுபாண்டி அந்த வயதில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். பூமிநாதன் தன் கையில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினான். ஆட்கள் எழுந்ததும் பிளெக்ஸ் ஒருபக்கம் எழும்பிப் படபடத்தது. மாரீஸ்வரன் உட்கார்ந்திருந்த மூலை மட்டும் அசையவில்லை.

பத்தர் வலது காதைக் குத்தினார். பாப்பா வீறிட்டது. மாரீஸ்வரன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. கோகிலா அதைப் பார்த்தாள். முத்தழகும் பார்த்தாள், குலவையை முதலில் எடுத்தவள் அவள்தான்.

பத்தர் இடது காதுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, காற்றில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சீட்டு திரும்பி வந்து மாரீஸ்வரன் முழங்காலில் விழுந்தது. ஹார்ட்டின் ராணி. காலையிலிருந்து ஒரு நல்ல வரிசைக்கு அந்தச் சீட்டைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். அதை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் ஒரு காது பாக்கி இருந்தது. அவர் தொடவில்லை. பாப்பா தொட்டது. எட்டி எடுத்து, அழுதுகொண்டே மடக்கி வாயில் வைத்துக் கடித்தது. கடிக்கிற மும்முரத்தில் இரண்டாவது குத்து அவ்வளவாகத் தெரியவில்லை. மணி பத்தரை ஆகச் சில நிமிடங்கள் இருந்தன.

சேதுபாண்டி கையில் ஒரு கொத்துச் சீட்டோடு, காலில் முள்ளோடு திரும்பி வந்தார். நாலைந்து சீட்டு முள்ளுக்குள் போய்விட்டது. ராணி பாப்பாவின் வாயில் இருந்தாள். பல் பட்ட சீட்டைக் கட்டில் வைத்தால் அடையாளம் தெரிந்துவிடும், ஆட முடியாது. கட்டு குறைந்தால் ஆட்டம் செல்லாது, ஆட்டம் செல்லாது என்றால் பிடித்தவரும் இல்லை விட்டவரும் இல்லை என்று அவரே தீர்ப்புச் சொன்னார். பந்திக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள்.

மாரீஸ்வரன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையோடு நடந்தார். புதுத்தோடு மினுங்கியது. கோகிலாவுக்கு அண்ணனிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“காது குத்தி முடிஞ்சிருச்சுல்ல? சத்தியம் அதோட சரிதான?”

கோகிலா நின்றாள்.

“இல்ல, சாப்புட்டு எல்லாரும் சும்மாதான இருப்பாக. வண்டி டிக்கியில வேற கட்டு இருக்குன்னு மாப்ள சொன்னாரு.”

கோகிலா திரும்பிப் பார்த்தாள். பூமிநாதன் பத்தடி பின்னால், சட்டைப் பையிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து எண்ணிக்கொண்டு வந்தான். மனைவி தன்னையே பார்ப்பதைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தினான்.  அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து அதில் வைத்தான்.